ஜெபத்தில் சண்டை போட்டு மலேயா போனது

எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் நேருக்கு நேர் சண்டை போட்டதில்லை. எல்லாம் சாயங்கால ஜெபத்தில்தான். விளக்கு வைத்ததும் பாயை விரித்து, ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், அப்புறம் முழங்காலில் நின்று ஆளுக்கொரு ஜெபம். முதலில் நான், அடுத்து அம்மா, முடிப்பது அப்பா. ஒருவர் கடவுளோடு பேசும்போது அடுத்தவர் குறுக்கிட முடியாதே! பிடிக்காத ஜெபம் என்றால் கடைசியில் வாய்க்குள் முனகிக்கொள்ளலாம். வாய்விட்டு ஆமென் சொல்லிவிட்டால் மட்டும் சம்மதம் என்று அர்த்தம். பிறகு பின்வாங்க முடியாது. பாறசாலைப் பக்கத்துப் பழைய மிஷன் குடும்பங்களில் இந்த வித்தை தெரியாத வீடு இருந்ததா என்பது சந்தேகம்தான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே ஆசை. கரும்பலகைக்கு முன்னால் நின்று தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும். கோழிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் அகர வரிசை நடத்தி, ஒழுங்காக உட்காராத கோழியை அதட்டியவள் நான். நாகர்கோவிலில் தங்கி டீச்சர் டிரெயினிங்கும் முடித்தேன். ஆனால் ஊருக்கு வந்து நான் ஏறி இறங்கிய பள்ளிக்கூடம் ஒன்றிலும் தமிழுக்கு ஆள் வேண்டாம், மலையாளத்துக்குத்தான் வேண்டும் என்றார்கள். மலையாளம் எனக்கும் தெரியும். சந்தையில் பேரம் பேச அதைவிட நல்ல பாஷை கிடையாது. ஆனால் நான் ஆசைப்பட்டது அதற்கில்லை.

அப்போதுதான் மலேயாவிலிருந்து சித்தப்பா லீவில் வந்தார். அங்கே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணி வேலை. எஸ்டேட்டுத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் தேடுகிறார்கள், வருகிறாயா என்றார். எனக்கு அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அப்பாவுக்கும் இறங்கவில்லை, கோபத்தில். எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. தமிழ் பேசும் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்து மதராஸோடு சேர்க்கக் கேட்டு, தொண்டை கட்ட கோஷம் போட்டுவிட்டு வருகிறவர் அவர்.

"கொஞ்சம் பொறு மக்கா. நம்ம தாலுகாவும் சேரும். பின்ன இஞ்சயே தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டு. நீ எதுக்கு கடலு தாண்டணும்?"

"எல்லை நடந்து இஞ்ச வருகதுக்குள்ள எனக்கு நரைச்சிரும்பா" என்றேன். நேருக்கு நேர் பேசியது அவ்வளவுதான். மிச்சம் ஜெபத்துக்குப் போனது.

"கர்த்தாவே, அடியாளுக்கு நீர் திறந்த வாசலை ஒருவரும் அடைக்காதபடி பார்த்துக்கொள்ளும்" என்று நான் ஆரம்பிப்பேன். அப்பா இருமுவார். கடைசியில் அவர் முறை வரும். வேதாகமத் தமிழில் நீட்டி முழக்குவார்: "எங்கள் மண்ணைத் தமிழோடு சேர்த்தருளும். என் மகளை இந்த மண்ணிலேயே நிலைநிறுத்தும்." நான் இருமுவேன். வீட்டில் இரண்டு பேருக்கும் சளி பிடித்திருக்கிறதோ என்று பக்கத்து வீட்டு அக்காள் சுக்கு கொடுத்துவிட்டாள்.

அம்மா பெருங்கடவிளைக்காரி. பிறந்த வீட்டில் மலையாளம், புகுந்த வீட்டில் தமிழ். அவள் எந்தப் பக்கமும் சேரவில்லை. அவள் ஜெபம் எப்போதும் இரண்டு வரி, மழைக்கும் மாட்டுக்கும். ஒரு நாள் சாயங்காலம், என் ஜெபமும் அப்பாவின் இருமலும் முடிந்தபின், அவள் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"கர்த்தாவே, கப்பலில என் பிள்ளைக்கு வாந்தி வராம காத்துக்கொள்ளும். அந்த ஊரில அவளுக்கு குடிக்க நல்ல வெள்ளம் கிடைக்கணும்."

போகலாமா வேண்டாமா என்ற பேச்சே இல்லை. நான் ஏற்கனவே கப்பலில் இருந்தேன்! அப்பா இருமவும் இல்லை, ஜெபத்தைத் தொடங்கவும் இல்லை. வாய்விட்டு ஆமென் என்றார். அன்று அது மட்டும்தான் அவருடைய ஜெபம்.

மறுநாள் காலையில், "நெய்யாற்றின்கரையில நல்ல தகரப்பெட்டி கிடைக்குமாக்கும். வாறியா?" என்று கேட்டார். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரத்தைக் கொடுத்தார்.

மலேயாவில் முதல் நாள் நான் வாயைத் திறந்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் மலையாளமா என்று ஒருத்தி கேட்டாள். அப்பா கேட்டிருந்தால் அங்கேயும் ஒரு போராட்டம் ஆரம்பித்திருப்பார். எனக்குக் கோபமே வரவில்லை. கரும்பலகையில் அ எழுதித் திரும்பினேன். நாற்பது வாய் அதைச் சொன்னது. ஒரு கோழியும் எழுந்து ஓடவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு நிறைகிறது.

எல்லையும் ஒருவழியாகத் தீர்ந்தது. தெற்கே இருந்த தாலுகாக்கள் மதராஸுக்குப் போயின. எங்கள் தாலுகா கேரளத்தோடு நின்றது. எங்கள் வீடு ஒரு ராஜ்யத்தில், மரச்சீனிக் கிழங்கு நட்ட விளைநிலம் இன்னொன்றில். மரச்சீனி பிடுங்க மதராஸுக்குப் போய் வாறேன் என்று அம்மா கேலி பண்ணுவாளாம். அப்பா சிரிக்க மாட்டாராம்.

முதல் லீவில் வந்த அன்று சாயங்காலம் பழையபடி பாய் விரித்தோம். நான் வெளியூரில் இருந்த நாளெல்லாம் என் முறைக்கான நேரத்தை அப்பா சும்மா விட்டுவிட்டுத்தான் அம்மாவைத் தொடங்கச் சொல்வார் என்று அம்மா சொல்லியிருந்தாள். எனக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. நன்றி சொல்லி முடித்தேன். அம்மா மழையையும் மாட்டையும் முடித்தாள். அப்பா வேதாகமத் தமிழை விட்டுவிட்டுப் பேசினார்:

"கர்த்தாவே, நான் உம்மிட்ட ரெண்டு காரியம் கேட்டேன். ரெண்டும் நீரு தரல்ல. ஒண்ணுக்கு எனக்கு இப்பவும் வருத்தம் உண்டு. மற்றதுக்கு ஸ்தோத்திரம்."

அம்மாவுக்கு முந்தி, பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்படி, நான் ஆமென் சொன்னேன்.