புளி போட்டுத் தேய்த்த மூடி

காருக்கு அடியில் விரித்த ஒரு செய்தித்தாள், அதன் நடுவில் ஒரு கறுப்புச் சொட்டு. என் கணவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இதுதான். எழுபதுகளில் அபுதாபிக்கு மேற்கே, கடலோரத்தில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் குடியிருப்பில் இருந்தோம். அவருக்கு அங்கே லேபில் கெமிஸ்ட் வேலை. விடிந்ததும் காபியைக்கூடத் தொடாமல் வாசலுக்குப் போவார். குனிந்து அந்தத் தாளை உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் தோற்றார். அதன்பிறகு டூட்டிக்குக் கிளம்பும்வரை ஓர் இடத்தில் உட்கார மாட்டார், என்னையும் உட்கார விடமாட்டார். ஆபீசில் நாள் முழுக்க எண்ணெயைச் சோதிக்கிறவருக்குச் சொந்த வாசலில் ஒழுகுகிற எண்ணெயை நிறுத்தத் தெரியவில்லையே என்று கிண்டல் செய்வேன். சிரிக்க மாட்டார்.

ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். முந்தைய வருடம் எனக்கு வலி எடுத்தபோது எங்களிடம் கார் இல்லை. குடியிருப்புக்கென்று இருந்த ஒரே கேம்ப் பிக்கப் வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு சைட்டுக்குப் போயிருந்தது. அது திரும்பும்வரை நான் கட்டிலிலும் அவர் ரோட்டிலுமாகக் காத்துக் கிடந்தோம். அபுதாபி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. ஆண் குழந்தை, தங்கவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கொஞ்ச நாளில் எங்கிருந்தோ ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கிக்கொண்டுவந்து நிறுத்தினார். அடுத்த பிள்ளைக்கு நான் மதுரைக்கே, அம்மா வீட்டுக்கே போய்விடுவதாக இருந்தது. நடுவில் உடம்புக்கு முடியாமல் போக, பிளேன் ஏறவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அபுதாபியில் போய்த் தங்க எங்களுக்கு ஒரு மனிதரையும் தெரியாது. ஆக, எனக்கும் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் அந்தக் கார்தான் கதி. அதுதான் ஆயுத பூஜை முடிந்த மறுநாளிலிருந்து ஒழுக ஆரம்பித்தது.

கேம்ப் ஒர்க்‌ஷாப்பில் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பட்டாணி மெக்கானிக் இருந்தார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, எஞ்சினின் பின்பக்கத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கிற சீல் போய்விட்டது, எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார். "ஏக் ஹஃப்தா, பாய்." ஒரு வாரம் என்றதும் இவர் முகம் வெளிறிவிட்டது. "மாஃபி, மாஃபி" என்று தெரிந்த அரபியில் வேண்டாமென்று சொல்லி, சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வாரத்தில் வலி எடுத்தால் என்ன செய்வது? வீட்டுக்குள் நடந்தார், வெளியே நடந்தார், பானட்டைத் திறந்தார், மூடினார். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்துத் துடைத்து என் பழைய புடவை ஒன்று பாழாய்ப் போனது. எனக்கு எரிச்சலாக வரும், உடனே அழுகையாகவும் வரும். வயிற்றுக்குள் பிள்ளை உதைப்பதைச் சொல்லக்கூட அந்த வீட்டில் ஆள் கிடைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எஞ்சின் முழுவதையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக் காயவிட்டார். பிறகு உள்ளே வந்து என் பவுடர் டப்பாவை எடுத்தார். "அது எதுக்குங்க?" என்றேன். "எங்க ஈரமாகுதோ அங்கதான் ஒழுகுது. பவுடர் காட்டிக் குடுத்துரும்" என்றார். எஞ்சினுக்குப் பவுடர் பூசியதில் கால் டப்பா காலி. வண்டியைக் கம்பெனி கேட்வரை விரட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். பானட்டைத் தூக்கியதும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பட்டாணி சொன்ன இடத்துக்கு மேலே, எஞ்சினின் உச்சியில், எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடியைச் சுற்றிப் பவுடர் கறுத்திருந்தது. அங்கே கிளம்பிய எண்ணெய் பின்பக்கமாக வழிந்து, அடியில் போய்ச் சொட்டியிருக்கிறது. கீழே படுத்துப் பார்த்தால் எஞ்சினின் பின்பக்கம் ஒழுகுவதாகத்தான் யாருக்கும் தோன்றும்.

மூடியைத் திருகி எடுத்துத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். எண்ணெய் கசியாமல் அடைக்க உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக் காணோம். அது எப்போது போயிருக்கும் என்று எனக்குச் சட்டென்று விளங்கியது. ஆயுத பூஜைக்குக் குத்துவிளக்கை நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வண்டிக்கும் பூஜை போட வேண்டுமே என்று இவர் அந்த மூடியைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புளியும் மணலும் போட்டு விளக்குக்குப் போட்டியாகத் தேய்த்தார். பளபளவென்று ஆக்கி, சந்தனம் குங்குமம் வைத்து மாட்டினார். வளையம் புளிக் கரைசலோடு சாக்கடைக்குப் போயிருக்கிறது. நான் சிரித்தேன். மாதக்கணக்கில் சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்து, இடுப்பு வலிக்கிறவரை சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நானே கெடுத்திருப்பேனே" என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் உள்ளே போய்க் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவைக் கொண்டுவந்தார். அதன் தோல் நாக்கை அறுத்து, மூடிக்குப் பொருத்தமாக வளையம் வெட்டினார்.

சில நாட்கள் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் வலி எடுத்தது. காரில் அபுதாபிக்குக் கிளம்பினோம். இன்று என் மகள் அந்தச் சாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு போய் வருகிறாள், காரின் பானட் எப்படித் திறக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அன்று அது மணல் ஏறிய ஒற்றைச் சாலை. ஒட்டகம் வேறு குறுக்கே வரும். பாதி வழியில் இவர் வண்டியை ஓரம் கட்டினார். "ஒரே நிமிஷம், மூடிய மட்டும் பாத்துக்கிறேன்." எனக்கு வந்த கோபத்தில் வலிகூட மறந்துவிட்டது. "இப்ப பானட்டத் தொறந்தீங்க, நான் எறங்கி நடந்தே போயிருவேன்!" என்று கத்தினேன். வண்டியை எடுத்தார். அதன்பிறகு ஆஸ்பத்திரி வாசல்வரை ரோட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாரே தவிர, எங்கேயும் நிறுத்தவில்லை.

சாயங்காலம் பெண் பிறந்தாள். தகப்பனாரைக் கூப்பிடப் போன மலையாள நர்ஸ் வராந்தாவில் ஆளைக் காணாமல் தேடி, கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில் கண்டுபிடித்தாள். காருக்கு அடியில் படுத்திருந்தாராம். சட்டையெல்லாம் மணலோடு உள்ளே வந்து, "ஒரு சொட்டுகூட இல்ல" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்த புள்ள பொறந்ததுகூடத் தெரியாம அங்க படுத்துக்கிட்டு எண்ணெயா பாத்தீங்க?" என்றேன். அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும். கதவுகிட்டதான் நின்னேன். அழுற சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறந்தான் வெளிய போனேன்" என்றார்.

முதல் பிள்ளை அழவே இல்லை. அன்றும் அவர் அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தார்.