பூட்டிய லைனில் வந்த கரண்ட்

சாவி மாமாவின் கால்சட்டைப் பையில்தான் இருந்தது.

மாமா என்றால் அக்காவின் கணவர். அவரும் நானும் ஒரே காண்ட்ராக்டரிடம் வயர்மேன்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மெயின் சுவிட்சை அணைத்து, அங்கேயே லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் கம்பியை மாட்டி, சுவிட்சுக்குப் பூட்டுப் போடுவோம். கம்பத்தில் ஏறுகிறவரிடம்தான் சாவி இருக்கும். ஏறுமுன் மாமா அந்தச் சாவியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அது வந்தால்தான் செராஸ் வீட்டில் அக்காவுக்குச் சோறு இறங்கும்.

அன்று பண்டமாரான் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை. ஒரே கம்பங்களில் இரண்டு லைன்கள் நெடுந்தூரம் ஓடின. ஒன்றைப் பூட்டினோம், மற்றதில் கரண்ட் இருந்தது. மாமா மேலே போய் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. நிம்மதியாகக் கம்பியைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதோ ஒரு ராட்சத மோட்டார் கிளம்பியது. மாமா கத்தக்கூட இல்லை. இடுப்பு பெல்ட்டில் அப்படியே தொங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"நீ சுவிட்ச போட்டியாடா?"

"சத்தியமா இல்லக்கா. சாவி மாமாகிட்டதான் இருந்துச்சு."

மாமாவின் துணிகளை நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையில் கொடுத்திருந்தார். அக்கா துழாவினாள். சாவி அவள் கைக்கு வந்தது. என் சட்டையை விட்டாள்.

"அப்புறம் எப்படிடா?"



மறுநாள் என்ஜினியர் வந்தார். பூட்டு அசையாமல் கிடந்தது. மாமா பிடித்த இடத்தில் மீட்டரை மாட்டிவிட்டு, மோட்டாரைப் போடச் சொன்னார். மீட்டரில் எண் குபீரென்று எகிறியது.

"ரெண்டு லைனும் இவ்ளோ தூரம் ஒட்டி ஓடுது லா. மோட்டார் போட்டு அந்த லைன்ல கரண்ட் ஏறுனா, தொடாமலே பூட்டுன இதுலயும் வோல்டேஜ் கிளம்பும். சுவிட்ச்கிட்ட எர்த் போட்டா பத்தாது. கை வைக்கிற எடத்துலயும் போடணும்" என்றார்.

பாழாய்ப்போன பூட்டு! அதை நம்பியா இத்தனை வருடம் ஏறினோம்?

மாமா பிழைத்துக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. இப்போது கம்பம் ஏறுவது நான். முதல் நாள், மாமா செய்வதுபோலவே அக்காவுக்குச் சாவியைப் படமெடுத்து அனுப்பினேன். உடனே போன் அடித்தது.

"சாவிய யாருடா கேட்டா? நீ நிக்கிற எடத்துல எர்த் எங்க? அதக் காட்டு."