வராத ஆம்புலன்ஸ்

கழக்கூட்டத்தில் நான் வேலை செய்யும் நிறுவனம், ஆம்புலன்ஸ் அழைக்கும் ஆப் ஒன்றை நடத்துகிறது. ஒரு மதியம் வலியசாலை வீட்டிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கறதுடி. உங்க ஆப்பை அமுக்கிண்டே இருக்கேன், ஒண்ணும் வரல்லை கேட்டயா."

பக்கத்து வீட்டுக் காரில் உடனே கொண்டுபோகச் சொல்லிவிட்டு, ஆப் எந்தெந்த சர்வர்களுக்கு அழைப்புகளை அனுப்ப வேண்டும் என்று சொல்லும் பதிவில் எவையெவை இருக்கின்றன என்று தேடினேன். மூன்று வந்தன. அவற்றில் ஒன்று காலையிலேயே நின்றுபோயிருந்தது. ஆனால் பதிவிலிருந்து நீங்கவில்லை. அம்மா அமுக்கியதெல்லாம் அங்கேதான் போய் விழுந்திருந்தது. இன்னும் யார் யாருடையதோ விழுந்துகொண்டிருந்தது.

அதை நீக்கும் அனுமதி அன்று என்னிடம் மட்டுமே இருந்தது. எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன். நீக்கி முடித்து, மற்றவர்களின் அழைப்புகள் வண்டிகளுக்குப் போய்ச் சேர்வதைப் பார்த்த பிறகே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். "உள்ளே கொண்டுபோறச்சே உன்னைத்தான் தேடினேன்," என்றார். நடந்ததைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுபடி அப்படி நேர்ந்தாலும் அதையேதான் செய்வேன். அதை அவரிடம் சொல்லும் தைரியம்தான் இன்னும் வரவில்லை.