முதலாளியின் தோள்

எங்கள் பட்டுக் கம்பெனி முதலாளிக்கு ஒரு வசனம் உண்டு. தறிக்காரர்களான நாங்கள் கூலியைக் கூட்டிக் கேட்கும்போதெல்லாம் அதை எடுத்துவிடுவார்: "இந்தக் கம்பெனியையே நான் ஒருத்தன் தோள்ல சுமந்துக்கினு இருக்கறேன்பா. என்னை நம்புங்க."

எங்கள் தெருக் கோவில் திருவிழாவில் சாமி பல்லக்கை நாங்கள்தான் சுமப்போம். முதலாளிக்கும் முன்தண்டில் ஓர் இடம் வேண்டும். அது அவருடைய கௌரவம். ஆனால் ஆள் குள்ளம். தண்டுக்கும் அவர் தோளுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கும். தண்டைக் கையால் பிடித்துக்கொண்டு, பாரம் தாங்காதவர்போல முக்கி முனகி வருவார். அதைப் பார்த்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வருஷம், கூலி கேட்கப் போய் அந்த வசனத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்த மறுநாளே திருவிழா. தெருமுனை திரும்பும்போது யாரும் யாருக்கும் சொல்லவில்லை, கண்கூடக் காட்டவில்லை. முன்தண்டில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் ஒன்றாக முழங்காலை மடக்கினோம். தண்டு முதலாளியின் தோளில் இறங்கியது.

"ஐயோ, தூக்குங்கப்பா! தோள் போச்சு!" என்று அலறினார்.

பின்தண்டிலிருந்து ஒரு குரல் கேட்டது: "கம்பெனியை விடவா கனம், முதலாளி?"