கழுத்துக்கு மேலே வெட்டிய படம்

சுலோஜனாவுக்கு மனிதர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் ஒருபோதும் இருந்ததில்லை. மட்டக்களப்பு நகரத்தில் ஒரு புடவைக்கடையில் பத்துப் பன்னிரண்டு வருடம் கால்கடுக்க நின்றவளுக்கு அது எங்கிருந்து வரும்? மேசை நிறையச் சாறிகளை விரிக்கவைத்து, ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, கடைசியில் "மறுகா வாறம்" என்று எழும்பிப் போகிற சீமாட்டிகளை அவள் போதுமளவு கண்டிருந்தாள். விரித்ததை மடிக்கும்போது மனதுக்குள் சொன்னதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் முதல் வாரத்திலேயே வேலை போயிருக்கும்.

வேலை போனது வேறு காரணத்தால். முதலாளி காலமானதும் மகன் உதயரூபன் கடையை எடுத்தான். சுவரெல்லாம் கண்ணாடி பதித்தான். அந்தக் கண்ணாடிகளில் தெரிகிற பெண்கள் ஒல்லியாகவும் சிவப்பாகவும் இருக்கவேண்டும் என்று விரும்பினான். சுலோஜனா நல்ல கறுப்பு, உடம்பும் தாராளம். இனி வீட்டில் ஆறுதலாக இருங்கள் அக்கா என்று மிகவும் பண்பாகச் சொன்னான். போகச் சொன்னதைவிட அந்தப் பண்புதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

களுவாஞ்சிக்குடியில் வீட்டோடு இருந்த நாட்களில், பக்கத்து வீட்டுக் கஜானி போனில் பார்த்து ஒரு சட்டை எடுப்பித்தாள். படத்தில் ராசாத்தி மாதிரி ஒருத்தி உடுத்தி நின்றாள். வந்து சேர்ந்ததோ நுளம்புவலை போல ஒரு துணி, கைக்குழந்தைக்குப் போடலாம். சுலோஜனா வயிறு நோகச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும், இந்தக் கள்ளர்கள் செய்கிறதைத் தன்னால் ஒழுங்காகச் செய்யமுடியும் என்று தோன்றியது.

காத்தான்குடியில் மொத்தமாக விற்கிற முனாப் நானாவைக் கடைக்காலத்திலிருந்தே தெரியும். பெரிய அளவுச் சட்டைகள் அவரிடம் தேங்கிக் கிடந்தன. பருத்த பெண்கள் உடுப்பில்லாமலா திரிகிறார்கள் என்று கேட்டு, ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டின் பின்வளவில், உடுப்புக் காயப்போடும் கொடிக்கு முன்னால் நின்று லைவ் போட்டாள். புருசன் கனகசிங்கம் வயல் வட்டையிலிருந்து வந்த சேற்றுக்காலோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இஞ்ச பாருங்க, இது கழுவினாக் கொஞ்சம் சாயம் போகும். போகாது எண்டு சொல்லுறவன் பொய் சொல்லுறான். வயிறு இரிக்கிறவங்க இத எடுக்காதீங்க. எனக்கும் வயிறு இரிக்கு, வடிவில்லத்தானே?"

முகம் காட்டாத ஆண்கள் அவளுடைய நிறத்தையும் உடம்பையும் பற்றிக் கொமென்ற் எழுதினார்கள். அவள் ஒவ்வொன்றையும் உரக்க வாசித்து, அம்மாவின் அளவைச் சொல்லுங்கள் தம்பி, ஒரு சட்டை அனுப்பிவிடுகிறேன் என்றாள். சொன்னவர்கள் எவரும் இல்லை.

ஆனால் பெண்கள் வாங்கினார்கள். கடைகளில் அளவு கிடைக்காமல் வெட்கப்பட்டுத் திரும்பி வந்த பெண்கள் கதிரவெளிவரை இருந்தார்கள். கனடாவிலிருக்கும் அக்காமார் ஊரிலிருக்கும் தங்கச்சிமாருக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அதற்காகச் சுலோஜனா அவர்களை மதித்துவிடவில்லை. விலையை மூன்றுதரம் சொன்ன பிறகும் "விலை?" என்று கேட்பார்கள். விழுந்தடித்து ஓடர் போட்டுவிட்டு, பார்சல்காரன் படலையடிக்கு வரும்போது போனை நிற்பாட்டிவிடுவார்கள். ஒரு ரீச்சர் சாறியைக் கல்யாணத்துக்கு உடுத்திவிட்டு, நிறம் படத்தில் கண்டதுபோல இல்லை என்று திருப்பி அனுப்பினார். கரையில் சந்தனம் அப்படியே இருந்தது. சுலோஜனா அந்தக் கல்யாணப் படத்தை முகநூலில் தேடியெடுத்து, ஒரு சொல்லும் எழுதாமல் ரீச்சருக்கு அனுப்பினாள்.

ஒருநாள் கஜானி தன் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். உதயரூபனுடைய கடைப் பக்கம். ஊதாச் சட்டை போட்ட ஒரு பெண், கழுத்துக்கு மேலே வெட்டப்பட்டு, தோல் வெளுப்பாக்கப்பட்டு நின்றாள். கீழே 'வெளிநாட்டு மொடல்' என்று போட்டிருந்தது. அந்த வெளிநாட்டுக்காரியின் முதுகுக்குப் பின்னால், கொடியில், கனகசிங்கம் இடுப்பில் கட்டுகிற கட்டம்போட்ட சாரம் காய்ந்துகொண்டிருந்தது.

சுலோஜனா அவனுக்குப் போன் எடுத்தாள். அவன் பதறவேயில்லை. முகம் தெரியவில்லைத்தானே, இதைப் பெரிதுபடுத்தவேண்டாம் என்றான். பிறகு குரலைக் குழைத்துக்கொண்டான்.

"உங்கட உடம்புக்கு இப்ப நல்ல மாக்கெட் இரிக்கு அக்கா. எங்கட பேஜுக்கே வாங்களன், மாசச் சம்பளம் தாறன்."

"இத்தின வரிசமா முழுசா நிண்டன், வேணாமெண்டீங்க. இப்பத் தலையில்லாம வேணுமா தம்பி?"

போனை வைத்துவிட்டுக் கஜானியின் பெயரில் அவன் மலிவாகப் போட்டிருந்த அந்த ஊதாச் சட்டையை ஓடர் போட்டாள். வந்ததும் லைவில் பார்சலைப் பிரித்துத் தான் விற்கிற ஊதாச் சட்டைக்குப் பக்கத்தில் பிடித்தாள். தையலை இலேசாக இழுக்க, அது பிரிந்துகொண்டு போனது. வாளித் தண்ணீரில் அமிழ்த்த, தண்ணீர் முழுக்க ஊதா. பிறகு கஜானியின் போனை உயர்த்தி அந்தப் படத்தைக் காட்டினாள்.

"இந்த உடம்பு என்ட. இந்தச் சாரம் என்ட புருசன்ட. மத்ததெல்லாம் பொய்."

கனகசிங்கம் சிரித்த சிரிப்பில் படமும் ஆடியது. அவளுடைய லைவை அவ்வளவு பேர் பார்த்தது அதுதான் முதல்தடவை. நியாயமாக யாராவது உதயரூபனை நாலு வார்த்தை ஏசுவார்கள் என்று அவள் காத்து நின்றாள்.

முதலாவது கொமென்ற் வந்தது: "அக்கா, அந்த மலிவுச் சட்டை என்ன விலை?" அடுத்ததும் அதேதான். மூன்றாவது ஆள், ஊதாவைத் தவிர வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"உங்களுக்கெல்லாம் அதுதான் சரி," என்று சொல்லி அவள் லைவை நிற்பாட்டினாள்.

உதயரூபன் படத்தை எடுத்துவிட்டு வேறு யாருடையதையோ போட்டான். மன்னிப்பும் கேட்கவில்லை, வியாபாரமும் குறையவில்லை. அவனிடம் ஏமாந்தவர்கள் அவளிடம் வந்து முறையிட்டார்கள், அவள்தான் அவனுடைய கணக்கப்பிள்ளை என்பதுபோல. அவள் ஏசினாள். ஏச்சுக் கேட்பதற்கென்றே லைவ் பார்க்கிற கூட்டம் பெருகியது. ஏசினாலும் வாங்குகிற சனத்தைப் பார்க்க அவளுக்கு இன்னும் இளக்காரமாக இருந்தது.

சந்தியில் ஒரு அறை எடுத்து முன்னால் பெயர்ப்பலகை போட்ட பிறகு, கதிரவெளியிலிருந்து அன்னப்பூரணி என்றொருத்தி பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். மீன் விற்கிறவள், சுலோஜனாவைவிடப் பருமன். எடுப்பித்த சட்டை இறுக்கம் என்றாள், குறை சொல்லவில்லை. உள்ளே போய் அடுத்த அளவைப் போட்டுக்கொண்டு வந்து, கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். கக்கத்தில் எங்கும் பிடிக்கவில்லை. கையை இறக்கிவிட்டு மறுபடியும் தூக்கினாள்.

சுலோஜனா வழக்கம்போல ஏதாவது சொல்ல வாயெடுத்தாள். அதை விட்டுவிட்டு, அந்த இறுக்கமான சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள், மனதுக்குள்ளும் ஏசாமல்.