முதுகுக்குப் பின்னால் ஒரு மைதானம்

எனக்கு வாய் சும்மா கிடக்காது. பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் எந்தக் கழகம் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி வைத்தாலும் மைக்கை என் கையில்தான் தருவார்கள். பந்து யார் காலில், யார் விழுந்தான், யார் விழுந்ததுபோல் நடிக்கிறான், எல்லாம் சொல்லுவேன். அண்ணை எங்கள் ஊர்க் கழகத்தின் கோல் காப்பாளராக இருந்தவர். அவர் பாய்ந்து பந்தைப் பிடிக்கிறபோது மட்டும் நான் நடுநிலை தவறிவிடுவேன். மற்ற ஊர்க்காரர் ஏசுவார்கள். ஏசட்டும், என் அண்ணை அல்லவா!

அந்த அண்ணை கட்டாருக்கு வேலைக்குப் போய்க் கனகாலம். அங்கே உலகக் கிண்ணம் நடந்தபோது மைதானக் காவலுக்கு அவரை எடுத்தார்கள். எங்களுக்கெல்லாம் சந்தோசத்தில் பெரிய புளுகம். பிறகு தொலைபேசியில் கேட்டால், மனிசன் ஒரு கோலைக்கூடக் காணவில்லையாம். படிக்கட்டில் நின்று சனத்தைத்தான் பார்க்க வேண்டும். மைதானத்தைத் திரும்பிப் பார்த்தால் வேலை போய்விடும்.

"எல்லாம் முதுகுக்குப் பின்னாலை நடக்குதடா," என்றார் சிரித்துக்கொண்டு. அவர் சிரித்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பந்துக்காகச் சாப்பாட்டையும் மறந்து நின்ற மனிசன்.

அடுத்த ஆட்டம் ஒன்றுக்கு எனக்கு நுழைவு ரிக்கற் எடுத்துத் தந்தார். விமானம் ஏறிப் போனேன். அண்ணை தன்னோடு வேலை செய்யும் நேபாளக்காரரிடம் கேட்டு இடம் மாற்றிக்கொண்டு, என் இருக்கைக்கு நாலைந்து வரிசை கீழே, என்னைப் பார்த்தபடி நின்றார். நான் முதலே முடிவு செய்துவிட்டேன். மைக் இல்லாவிட்டால் என்ன, தொண்டை இருக்கிறது. அண்ணைக்கு இந்த ஒரு ஆட்டத்தையாவது காதால் காட்டிவிட வேண்டும்.

பந்து உருண்டதும் தொடங்கினேன். ஊரில் கத்துவதுபோலவே கத்தினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பம் முதலில் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு, விசரன் என்று விட்டுவிட்டார்கள்போல, அவர்களின் சின்னப் பிள்ளை மட்டும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணை அசையாமல் நின்றார். ஆனால் நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மேற்பார்வையாளருக்குத் தெரியாமல் மெல்லத் தலையை ஆட்டினார். அது போதும் எனக்கு. தண்ணீர் குடிக்கவும் நிறுத்தவில்லை.

இரண்டாம் பாதியில் ஒரு பெனல்டி. அவ்வளவு சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடங்கியது. அந்த அமைதிக்குள் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பந்தை வைக்கிறார், பின்னுக்குப் போகிறார், ஓடி வருகிறார் என்றேன். மைதானத்துக்கு முதுகு காட்டி நின்ற அண்ணையின் முழங்கால்கள் கொஞ்சம் மடிந்தன. இரண்டு கைகளும் உடம்பை விட்டு விலகின. வலது தோள் சரிந்தது. அங்கே கோல் காப்பாளன் இடப்பக்கம் பாய்ந்தான். பந்து அவனுடைய வலப்பக்கத்தால் உள்ளே போனது. அண்ணை பிடித்திருப்பார். சத்தியமாகப் பிடித்திருப்பார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

ஆட்டம் முடிந்து சனம் கலைந்த பிறகு, ரயில் நிலைய வாசலில் அண்ணை வந்து சேர்ந்தார். எனக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. வென்று வந்தவன்போல, எல்லாம் விளங்கியதோ என்று கேட்டேன்.

"அந்தப் பெனல்டி மட்டும் கேட்டது," என்றார். "மற்றதொண்டும் கேக்கேல்லையடா. என்ன மாதிரிச் சத்தம்."

எனக்கு வந்த கோபம்! ஆட்டம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அப்ப என்னத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றீர்கள் என்று ஏறி விழுந்தேன்.

அண்ணை என் பையை வாங்கித் தன் தோளில் போட்டார்.

"நான் தலையை ஆட்டாட்டில் நீ நிப்பாட்டிப்போடுவாய்," என்றார். "நீ கதைக்கிறதை நேரிலை பாத்து எத்தினை வருசம்."