ஈரமாகும்வரை தொடக்கூடாத சட்டை

என் கணவர் உருத்திரபுரத்தில் அஸ்பெஸ்டஸ் கூரை போடுபவர். கோடையில் எங்கள் கிணறு வற்றும். ஒரு வாளி நீரில் துவைத்து முடிக்க, அவர் வேலைச் சட்டையை முதலில் முற்றத்தில் தூசி போக உதறுவேன். பதினொரு வருடப் பழக்கம்.

சென்ற மாதம் அவருடைய இருமலுக்காக வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "இப்ப பயமில்லை. ஆனா அந்தத் தூசி உள்ளுக்க போனா, கன வருசம் கழிச்சும் புற்றுநோய் வரலாம். உடுப்பு ஆர் தோய்க்கிறது?" என்று கேட்டார்.

"நான்தான், உதறிப்போட்டு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் என் கையை விடவேயில்லை. "உனக்கும் அந்தத் தூசியைத் தந்திட்டனேயப்பா."

"நீங்கள் மறக்காமல் கொண்டுவந்து தந்தது அது ஒண்டுதான்" என்றேன். கண் கலங்கியபடியே சிரித்தார்.

இப்போது முகக்கவசம் அணிந்து, கூரைத் தகட்டை நனைத்துக் கைவாளால் அறுக்கிறார். சட்டையைக் கிணற்றடியில் தானே நீரில் அமுக்கிவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுகிறார். அதுவரை நான் கிட்டப் போவதில்லை.